தம்பியின் கணக்கை மூடியபோது

தம்பி இறந்து சில வாரங்களில் அவனுடைய மின்னஞ்சல் கணக்கை நிறுத்தச் சொல்லி எங்கள் பிரிவுக்கு ஒரு கோரிக்கை வந்தது. காலையில் கணினியைத் திறந்தபோது அன்றைய வேலை வரிசையில் மற்றவற்றோடு அதுவும் நின்றது. அதற்கு மேலே ஒருவர் கடவுச்சொல்லை மறந்திருந்தார். கீழே ஒருவருக்குத் திருமணத்துக்குப் பிறகு பெயரை மாற்ற வேண்டியிருந்தது. நடுவில் என் தம்பியின் பெயர். காரணம் என்ற இடத்தில் பிரெஞ்சில் ஒரே ஒரு சொல்: மரணம்.

நான் பாரிஸில் ஒரு பல்கலைக்கழகத்தின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு மின்னஞ்சல் கணக்குத் திறப்பது, விலகுகிறவர்களின் கணக்கை மூடுவது, யாராவது கள்ள மின்னஞ்சலில் ஏமாந்து கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டால் உடனே அந்தக் கணக்கைப் பூட்டுவது, இவைதான் என் வேலை. இவற்றுக்கெல்லாம் ஒரு விதித்தொகுப்பு இருக்கிறது. சேருகிற ஒவ்வொருவரும் அதில் கையொப்பம் வைப்பார்கள், அநேகமாக வாசிக்காமலே. எனக்கு அது மனப்பாடம். கணக்கு பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம், ஆளுக்கு அல்ல. கடவுச்சொல்லை எவருக்கும் சொல்லக் கூடாது, கணவனுக்கும் மனைவிக்கும் மேலதிகாரிக்கும்கூட. வேலை மின்னஞ்சலில் சொந்த விஷயங்கள் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் அவற்றைத் தனிப்பட்டவை என்று குறித்துத் தனியே வைக்க வேண்டும். அப்படி வைத்ததை நிர்வாகம் திறக்காது. ஆள் விலகினால் சில மாதங்களில் எல்லாம் அழிக்கப்படும். இறந்தாலும் அதே விதிதான். குடும்பத்துக்கும் கொடுப்பதில்லை.

இறந்தவர்களின் கணக்குகளை அதற்கு முன்பும் மூடியிருக்கிறேன். ஓய்வுபெறும் வயதை நெருங்கிய பேராசிரியர்கள், ஒருமுறை ஒரு மாணவி. மூடும்போது மனதுக்குள் ஒரு கணம் நின்றுவிட்டுப் பிறகு அழுத்துவேன். அவ்வளவுதான்.

தம்பி அதே பல்கலைக்கழகத்தில், வேறொரு வளாகத்தில், தற்காலிக ஒப்பந்தத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தான். எனக்கும் அவனுக்கும் பன்னிரண்டு வயது இடைவெளி. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, பத்து வயதில் அம்மாவோடு இங்கே வந்தவள். அவன் இங்கே பிறந்தவன். ஆற்றுச் சேற்றை ஆராய்ந்தான். சேன் நதியின் அடியில் குழாயை இறக்கி மண்ணை எடுத்து, அதில் எந்தக் காலத்தில் என்ன நஞ்சு படிந்தது என்று பார்ப்பது அவன் வேலை. ஆர்ஜொந்தெய் பக்கம் கரையில் நின்று சேறெடுத்துவிட்டு அந்தச் சப்பாத்தோடேயே லெ பிளாங்-மெனிலில் இருக்கும் அம்மா அப்பா வீட்டுக்கு வந்து ஏச்சு வாங்குவான்.

எங்கள் பிரிவு ஆண்டுக்கு ஒருமுறையாவது ஊழியர்களுக்கு ஒரு பொய் மின்னஞ்சல் அனுப்பும். யார் ஏமாறுகிறார்கள் என்று பார்க்கத்தான். ஒருமுறை நான் எழுதிய மின்னஞ்சலில், "உங்கள் வாகனத் தரிப்பிட அனுமதி முடிவடைகிறது, இங்கே அழுத்துங்கள்" என்று இருந்தது. அழுத்தியவர்களின் பட்டியலில் தம்பியின் பெயரும் வந்தது. அவனுக்கு வாகனமே கிடையாது.

"பிறகேன்ரா அழுத்தினனீ?" என்று ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் கேட்டேன்.

"எனக்கும் ஒரு இடம் தந்திருக்கினமாக்கும் எண்டு சந்தோசத்திலை அழுத்திப்போட்டன்," என்றான். அப்பாவைத் தவிர எல்லோரும் சிரித்தோம். அப்பாவுக்குப் பகிடி விளங்கவில்லை. தம்பி அதை அவருக்குப் பிரெஞ்சும் தமிழும் கலந்து விளங்கப்படுத்தப் பார்த்துவிட்டுக் கைவிட்டான்.

அன்றைக்குப் பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்று, "அக்கா, நீங்கள் நினைச்சால் என்ர மெயில் எல்லாம் வாசிக்கலாம், என்ன?" என்று கேட்டான்.

"வாசிக்கேலும். வாசிக்க மாட்டன்," என்றேன்.

"அது தெரியும். சும்மா கேட்டனான்."

அம்மா அவனுக்கு மின்னஞ்சலில்தான் எழுதுவார். ஆய்வுகூடத்தில் தொலைபேசியை அவன் எடுப்பதில்லை. குறுஞ்செய்திகளை நாட்கணக்கில் பார்க்க மாட்டான். "அம்மா, யுனிவர்சிற்றி மெயிலுக்குப் போடுங்கோ, அதை எப்படியும் பாப்பன்" என்று சொல்லியிருந்தான். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் கைத்தொலைபேசிக் கடை வைத்திருக்கும் அண்ணை ஒருவர் அம்மாவின் தொலைபேசியில் தமிழ் விசைப்பலகையைப் போட்டுக்கொடுத்தார். அன்றிலிருந்து அம்மா ஒரு விரலால் தட்டித் தட்டி எழுதத் தொடங்கினார். என்ன சமைத்தார், யார் வீட்டில் என்ன விசேஷம், குளிருக்குக் கழுத்தை மூடு, இப்படி. சிலவேளை கறியைப் படமெடுத்துச் சேர்த்து அனுப்புவார். அவன் ஒன்றிரண்டு வரியில், தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிப் பதில் போடுவான். எனக்கு அம்மா ஒருநாளும் மின்னஞ்சல் எழுதியதில்லை. எனக்குத் தொலைபேசி எடுத்தால் போதும்.

ஒரு திங்கட்கிழமை காலை ஆய்வுகூடத்தில் தம்பி விழுந்தான். மூளையில் இரத்தக்குழாய் வெடித்திருந்தது. பிறவியிலேயே அந்த இடம் பலவீனமாக இருந்திருக்கிறது, எவருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று மருத்துவர் சொன்னார். நாங்கள் போனபோது இயந்திரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அடுத்த நாள் அதையும் நிறுத்தினார்கள். அவனுக்கு முப்பத்தொரு வயது.

கோரிக்கையைக் கண்ட காலையில் நான் அதைத் தொடவில்லை. எழுந்து என் மேலதிகாரியின் அறைக்குப் போனேன். அவர் ஏற்கெனவே கண்டிருந்தார்.

"உங்கள் கண்ணில் படமுன் அதை மாற்றிவிட நினைத்தேன். மன்னியுங்கள்," என்றார். "இதை நீங்கள் செய்ய வேண்டாம். செய்யவும் கூடாது. உறவினர் கணக்கு."

அதை என் பக்கத்து மேசைத் தோழியிடம் கொடுத்தார். அவள் நல்ல பிரெஞ்சுப் பெண், என்னைவிட இளையவள். அன்று முழுவதும் என்னிடம் வேறு எதைப் பற்றியும் பேசப் பயந்தவள்போல இருந்தாள். கணக்கு நிறுத்தப்பட்டது. உள்ளே இருந்தவை விதிப்படி சில மாதங்கள் அப்படியே கிடக்கும்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த அடுத்த சனிக்கிழமை, அம்மா அப்பாவோடு லா சப்பலுக்குச் சாமான் வாங்கப் போனேன். மூவரும் தேத்தண்ணிக் கடையில் இருந்தோம். மேலே மெத்ரோ போகும் சத்தம் ஓயட்டும் என்று அம்மா காத்திருந்து கேட்டார்.

"பிள்ளை, நீ அங்கைதானே வேலை செய்யிறாய். ஒரு விஷயம் மட்டும் பாத்துச் சொல்லு. நான் கடைசியா அனுப்பின மெயிலை அவன் வாசிச்சவனோ?"

"என்ன மெயில், அம்மா?"

"எப்பவும் அனுப்பிறதுதான்."

"அதை நான் பாக்கேலாது அம்மா. அந்தக் கணக்கைத் தொட எனக்கு அனுமதி இல்லை."

"திறந்து வாசிக்கச் சொல்லேல்லையே. வாசிச்சவனோ இல்லையோ எண்டு மட்டும்."

அப்பா தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார். "என்ன கதை இது? ஊரிலை உள்ள எல்லாற்றை கணக்கையும் திறந்து பூட்டுறாய். சொந்தத் தம்பியின்ரயைப் பாக்கேலாதோ? அவன்ர படங்கள் எல்லாம் அதுக்கைதான் இருக்கும். அதையும் எடுத்துத் தா."

"அப்பா, அதுக்கு விதி இருக்கு."

"செத்த பிள்ளைக்கு என்ன விதி?"

உண்மை என்னவென்றால், பார்க்க முடியும். யார் எப்போது நுழைந்தார்கள், எதைத் திறந்தார்கள் என்ற பதிவுகள் எங்களிடம் இருக்கின்றன. திருட்டு நடந்தால் பிடிப்பதற்காக வைத்திருப்பவை அவை. ஐந்து நிமிட வேலை. ஆனால் நான் அதைச் செய்யும் ஆள் என்று ஒருநாள் ஆகிவிட்டால், தம்பிக்கு அன்று பாத்திரத் தொட்டியடியில் சொன்னது பொய்யாகிவிடும். அவன் இல்லை என்பதற்காக அந்தச் சொல் மாறிவிடுமா என்று எனக்குத் தெரியவில்லை. மாறாது என்றுதான் பட்டது. அதை அப்பாவுக்கு எப்படிச் சொல்வது?

இது நடந்து கொஞ்ச நாளில், ஒரு வேலைநாள் மத்தியானம், மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"உங்கள் தம்பியின் கணக்கில் யாரோ திரும்பத் திரும்ப நுழையப் பார்க்கிறார்கள். அவருடைய பல்கலைக்கழக மடிக்கணினியிலிருந்து. அந்தக் கணினி இன்னும் எங்களிடம் திரும்பி வரவில்லை." திரையை என் பக்கம் திருப்பினார். தவறான கடவுச்சொல், தவறான கடவுச்சொல், தவறான கடவுச்சொல் என்று வரிசையாக இருந்தது. கணினி எந்த வைஃபையில் இணைந்திருக்கிறது என்றும் காட்டியது. அது அம்மாவுக்குத் தமிழ் விசைப்பலகை போட்டுக்கொடுத்த அண்ணையின் கடைப் பெயர்.

"எனக்குத் தெரியும் யாரென்று," என்றேன். "நான் போய் வாங்கி வருகிறேன்."

"இதை நான் சம்பவம் என்று பதியவில்லை," என்றார் அவர். "இன்று பின்னேரத்துக்குள் கணினி இங்கே இருந்தால் பதியவும் மாட்டேன்."

இரண்டாம் இலக்க மெத்ரோவில் லா சப்பலில் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போனேன். கடைக்குள் கைத்தொலைபேசி உறைகள் தொங்கும் சுவருக்குக் கீழே, ஒரு பிளாஸ்டிக் கதிரையில் அப்பா உட்கார்ந்திருந்தார். மடிக்கணினி கண்ணாடிப் பெட்டிக்கு மேல் திறந்திருந்தது. என்னைக் கண்டதும் கடைக்கார அண்ணை எழும்பினார்.

"வாங்கோ தங்கச்சி. நான் சொன்னனான், இது யுனிவர்சிற்றிச் சாமான், எங்களாலை உடைக்கேலாதெண்டு. ஐயா கேக்கிறாரில்லை. சும்மா சில மோ து பாஸ் போட்டுப் பாப்பம் எண்டார்."

கடவுச்சொல்லுக்கு இங்கே எல்லோரும் பிரெஞ்சில் அப்படித்தான் சொல்வோம்.

"என்ன போட்டனீங்கள்?" என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ தெரியாது.

"அவன்ர பிறந்த திகதி போட்டம். அம்மான்ர பேர். உங்கட பேர். ஊர்ப் பேர். பிறகு ஐயா சின்னனிலை அவனைக் கூப்பிடுற பேர்." அண்ணை குரலைத் தாழ்த்தினார். "ஒண்டும் இல்லை."

அப்பா என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "வேறை என்னவா இருக்கும் எண்டு எனக்குத் தெரியேல்லை. அவனுக்கு என்ன பிடிக்கும்? என்ன பாட்டுக் கேப்பான்? யோசிச்சுப் பாக்கிறன். ஒண்டும் வரேல்லை."

அப்பா முப்பது வருடம் கார் து நோர் ரயில் நிலையப் பக்கத்தில் உணவகக் குசினிகளில் வேலை செய்தவர். தம்பி பள்ளிக்கூடம் போகமுன் எழும்பிப் போய், அவன் நித்திரையான பிறகு வருவார். கிடைக்கும் ஒரு நாள் ஓய்வில் தூங்குவார். வளர்ந்த பிறகு தம்பி அவருக்குப் பிரெஞ்சில் பதில் சொல்வான், அவர் தமிழில் கேட்பார். இரண்டு பேருக்கும் இடையில் சண்டை இருந்ததில்லை. பேச்சும் அதிகம் இருந்ததில்லை.

"அப்பா, இதை நான் கொண்டு போகவேணும்."

"படங்கள்?"

"அதை எடுக்கேலாது."

அவர் கையை நீட்டிக் கணினியை மூடினார். மெதுவாகத்தான் மூடினார். அதைத் தூக்கி என் கையில் வைத்தார். "கொண்டு போ. நீ உன்ர வேலைக்குத்தான் பிள்ளை," என்றார்.

கடைக்காரர் ஒரு பை தந்தார். மெத்ரோவில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். கணினியின் மூடியில் ஆற்றுப் பறவை ஒன்றின் ஒட்டுப்படம் இருந்தது. ஓரம் உரிந்திருந்தது. அதைத் திரும்ப ஒட்டவைக்க விரலால் அழுத்திக்கொண்டே வந்தேன். அதற்குப் பிறகு அப்பா பல மாதங்கள் என்னோடு பேசவில்லை. தொலைபேசியை அவர் எடுத்தால், "இந்தா, உனக்கு" என்று அம்மாவைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவார்.

கோடைக்கு முன், தம்பியின் ஆய்வுக்குழுத் தலைவர் எங்கள் பிரிவுக்கு எழுதினார். அவன் அளந்த முடிவுகளில் ஒரு பகுதி மின்னஞ்சலில் மட்டுமே இருக்கிறது, அதை எடுத்துத் தர முடியுமா என்று. இதற்கு விதியில் இடம் உண்டு. வேலைக்குரியதை நிர்வாகம் எடுக்கலாம். தனிப்பட்டதைத் தொடக் கூடாது. தரவுப் பாதுகாப்புக்குப் பொறுப்பான பெண்மணியும் என் தோழியும் ஒரு சிறிய அறையில் இருந்து அதைச் செய்தார்கள். எனக்கு அன்று அந்த வேலை நடக்கிறது என்று தெரியும். வேறொரு பக்கம் திரும்பி, புதிய மாணவர்களின் கணக்குகளைத் திறந்துகொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் தோழி வந்து என் மேசையருகே நின்றாள்.

"ஒரு கோப்புறை இருக்கிறது," என்றாள். "பெயரை எங்களால் வாசிக்க முடியவில்லை. உங்கள் மொழியின் எழுத்து என்று நினைக்கிறேன். வேலைக்குரியதா, தனிப்பட்டதா என்று தெரியாமல் திறக்க முடியாது. நீ வந்து பெயரை மட்டும் வாசித்துச் சொல்ல முடியுமா? மேலதிகாரியிடம் கேட்டுவிட்டேன். முடியாதென்றால் வேறு யாரையாவது தேடுவோம்."

நான் எழுந்து போனேன். திரையின் இடது பக்கம் பிரெஞ்சில் பெயர்கள் அடுக்காக இருந்தன: கூட்டங்கள், மாணவர்கள், மாதிரிகள், ஒப்பந்தம். அவற்றுக்கு நடுவில் தமிழில் ஒரு சொல். அம்மா.

தமிழில் எழுதத் தெரியாதவன் அவன். எங்கிருந்தோ எழுத்தெழுத்தாகத் தேடி எடுத்துப் போட்டிருக்க வேண்டும். அம்மாவிடமிருந்து வருவதெல்லாம் தானாகவே அந்தக் கோப்புறைக்குள் போய்ச் சேரும்படி வைத்திருப்பான். வேலைக் கடிதங்களுக்குள் தொலைந்துபோகக் கூடாது என்றுதான் இருக்கும்.

"என்ன எழுதியிருக்கிறது?" என்று அந்தப் பெண்மணி மெல்லக் கேட்டார்.

"மாமோ," என்றேன். பிரெஞ்சில் அம்மா. "தனிப்பட்டது."

தோழி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பெண்மணி தலையசைத்துத் தன் தாளில் ஏதோ குறித்தார். நான் திரும்பப் போக வேண்டும். ஆனால் கண் அந்தச் சொல்லிலேயே நின்றது. அந்தச் சொல் தடித்த எழுத்தில் இருந்தது. பக்கத்தில் சிறிதாக ஒன்று என்ற இலக்கம். இந்த வேலையில் இருப்பவளுக்கு அதன் பொருளை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உள்ளே ஒரே ஒரு மின்னஞ்சல் திறக்கப்படாமல் இருக்கிறது. மற்றதெல்லாம் வாசிக்கப்பட்டவை. அப்படியென்றால் திறக்காதது கடைசியாக வந்ததுதான்.

நான் எதையும் திறக்கவில்லை, எந்தப் பதிவையும் தேடவில்லை. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள், கண்டேன். ஆனாலும் அதை அம்மாவிடம் சொல்வதா இல்லையா என்று சில நாட்கள் தடுமாறினேன். தன் கடைசி வார்த்தைகளை மகன் வாசித்தான் என்று கேட்கத்தானே அவர் காத்திருக்கிறார், வாசிக்கவில்லை என்று போய் எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். பிறகு, தெரியாமல் இருப்பது அவரை அரித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கவும் முடியவில்லை. தொலைபேசியில் வேறு கதை கதைத்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் நின்றுவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லெ பிளாங்-மெனிலுக்குப் போனேன். அப்பா வெளியே போயிருந்தார். அம்மா குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எதிரே இருந்து நானும் ஆய்ந்தேன்.

"அம்மா, நீங்கள் கேட்டது எனக்குத் தெரியவந்திருக்கு. நானாத் தேடேல்லை. தற்செயலாக் கண்டன்."

அவர் கை நின்றது.

"அந்தக் கடைசி மெயிலை அவன் திறக்கேல்லை அம்மா. மற்ற எல்லாத்தையும் வாசிச்சிருக்கிறான். ஒண்டையும் விடேல்லை. உங்கட பேரிலை தமிழிலை எழுதித் தனியா வைச்சிருந்தவன். கடைசி மட்டும் அப்படியே கிடக்கு."

"வடிவாத் தெரியுமோ?"

"ஓம் அம்மா."

"வாசிக்கேல்லை?"

"வாசிக்கேல்லை."

அம்மா கீரைத் தட்டைத் தள்ளிவைத்தார். மேசையில் இரண்டு கையையும் ஊன்றித் தலையைக் குனிந்தார். பிறகு அழுதார். மருத்துவமனையிலும் செத்தவீட்டிலும் அவர் சத்தம் போட்டு அழவில்லை, நாங்கள் எல்லோரும் அதைக் கவனித்திருந்தோம். இப்போது அழுதார். நான் எழுந்து போய்ப் பிடித்துக்கொண்டேன். ஏமாற்றத்தில் அழுகிறார் என்றுதான் நினைத்தேன்.

"நல்லது," என்றார். "வாசிக்காமல் போட்டான். நல்லது."

பிறகுதான் சொன்னார். அவன் விழுந்ததற்கு முதல்நாள், அந்த ஞாயிற்றுக்கிழமை, ஒரு பெண் வீட்டுக்காரர் தம்பியைப் பார்க்க வீட்டுக்கு வந்தது எனக்கும் தெரியும். அவன் வருவதாகச் சொல்லிவிட்டு வரவில்லை என்பதும் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது தெரியாது.

"பலகாரம் எல்லாம் சுட்டு வைச்சிட்டு நிண்டன். அவன் ஆத்துக்குப் போட்டான். வந்த ஆக்களுக்கு முன்னாலை எனக்கு முகமில்லை. அவை போனாப் பிறகு எழுதினன். உன்னைப் பெத்ததுக்கு ஒரு கல்லைப் பெத்திருக்கலாம் எண்டு எழுதினன். இனி இந்த வீட்டு வாசலை மிதியாதை எண்டு எழுதினன்." மூச்சை இழுத்தார். "அவன் பிறகு மிதிக்கேல்லை."

"அம்மா."

"டொக்டர் சொன்னது எனக்கு விளங்கினதுதான். பிறப்பிலை இருந்த வருத்தம் எண்டு. எண்டாலும் நான் நினைச்சன், காலமை போய் அதை வாசிச்சுத்தான் தலைக்குள்ளை வெடிச்சதெண்டு. ஒவ்வொரு நாளும் அதைத்தான் நினைச்சன். கொப்பாவுக்கும் சொல்லேல்லை."

அம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து திரும்பக் கீரையை எடுத்தார்.

"அதை என்ன செய்வினம்?"

"எல்லாத்தையும் அழிச்சுப்போடுவினம். இன்னும் கொஞ்ச நாளிலை."

"ஒருத்தரும் வாசிக்காமலோ?"

"ஒருத்தரும் வாசிக்காமல்."

"அப்ப சரி," என்றார்.

அன்று அவருக்குச் சொல்லாத ஒன்று எனக்குத் தெரியும். திறக்கப்படவில்லை என்றால் பார்க்கப்படவில்லை என்று ஆகாது. கைத்தொலைபேசியில் மின்னஞ்சல் வரும்போது அதன் முதல் வரி திரையில் தெரியும். அதை வாசித்துவிட்டுத் திறக்காமலே விடலாம். இலக்கம் மாறாது. அவனுடைய தொலைபேசி பூட்டியபடியே மின் தீர்ந்து அணைந்துபோனது. அதில் அந்த ஞாயிறு பின்னேரமோ திங்கள் காலையோ என்ன தெரிந்தது, அவன் பார்த்தானா, எவருக்கும் தெரியாது. வீட்டுக்குத் திரும்பும்போது அதையே யோசித்தேன். அடுத்த நாட்களிலும் யோசித்தேன். அம்மாவிடமிருந்து இறங்கியது என்மேல் ஏறிவிட்டதுபோல இருந்தது.

கடைசியில் ஒருநாள் தாங்க முடியாமல், வேறு ஏதோ கேட்பதுபோலக் கேட்டேன். "அம்மா, அந்த மெயிலை எப்பிடித் தொடங்கினனீங்கள்? எடுத்த உடனை ஏசிப்போட்டியளோ?"

"இல்லை," என்றார். "சாப்பிட்டியோ எண்டு கேட்டுத்தான் தொடங்கினன். பிறகுதான் ஏசினது."



கணக்கு அழிக்கப்பட்ட நாளில் தோழி முன்கூட்டியே வந்து சொன்னாள். நீ பக்கத்தில் இருக்க விரும்பினால் இரு, இல்லையென்றால் வெளியே போய்விட்டு வா என்றாள். நான் இருந்தேன். உறுதியாக அழிக்கவா என்று திரை கேட்டது. அவள் என்னைப் பார்த்தாள். அது என் முடிவு அல்ல என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் பார்த்தாள். நான் தலையசைத்தேன். ஆண்டாண்டாக அம்மா ஒரு விரலால் எழுதியவை, கறிப் படங்கள், திறக்காத அந்த ஒன்று, எல்லாம் போயின. அவன் எழுதிய பதில்கள் அம்மாவின் தொலைபேசியில் இருக்கின்றன. அவற்றைப் பாதுகாப்பாக வேறொரு இடத்திலும் எடுத்து வைத்தேன். அம்மா அவற்றை அடிக்கடி பார்ப்பதில்லை.

அப்பாவுக்குப் படங்கள் கிடைக்கவில்லை. அதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை என்றே நினைக்கிறேன். இலையுதிர்காலத்தில் தம்பியோடு வேலை செய்த இரண்டு பேர் அவனுடைய சாமான்களை ஒரு மட்டைப்பெட்டியில் போட்டு லெ பிளாங்-மெனிலுக்குக் கொண்டு வந்தார்கள். சேறு காய்ந்த சப்பாத்து, ஒரு கோப்பை, ஒரு கம்பளிச் சட்டை, அவர்கள் எடுத்த ஒரு படம். படத்தில் அவன் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று எதற்கோ வாய்விட்டுச் சிரிக்கிறான். அம்மா அவர்களுக்கு ரோல்ஸும் தேத்தண்ணியும் கொடுத்தார். அப்பா படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தன் குசினிப் பிரெஞ்சில் கேட்டார், "அவன் அங்கே சிரிப்பானா?"

"எப்போதும்," என்றாள் வந்த பெண். "எங்கள் எல்லோரையும் சிரிக்கவைத்தது அவன்தான்."

அப்பா என் பக்கம் திரும்பினார். பல மாதங்களுக்குப் பிறகு என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது. "மெய்யோ? அவன் பகிடி விடுறவனோ?"

"ஓம் அப்பா. கனக்க."

அவர் படத்தைத் திரும்பப் பார்த்தார். இப்போது என்னோடு பேசுகிறார். ஓய்வூதியத் தாள்கள், கால் வலி, லா சப்பலில் மரக்கறி விற்கும் விலை. தம்பியைப் பற்றிப் பேசுவதில்லை.

அதே ஆண்டு வேலையில் ஒரு சிறு மாற்றம் கேட்டேன். யாராவது இறந்தால் கணக்கு மூடப்படும் என்ற செய்தியைக் குடும்பத்துக்கு இயந்திரம் அனுப்பும் கடிதமாக விடாமல், ஒரு ஆள் தொலைபேசியில் சொல்ல வேண்டும் என்று. மேலதிகாரி சம்மதித்தார். விதிகள் அப்படியே இருக்கின்றன. எதையும் திறந்து கொடுப்பதில்லை. அந்த அழைப்புகளை இப்போது நான்தான் செய்கிறேன். சிலர் கோபப்படுவார்கள், சிலர் நன்றி சொல்லிச் சட்டென்று வைத்துவிடுவார்கள். சென்ற மாதம் ஒரு தகப்பன் பேசி முடித்த பிறகும் தொலைபேசியை வைக்கவில்லை. அவருடைய வீட்டில் வானொலி ஓடுவது கேட்டது. நானும் வைக்கவில்லை.